எலுமிச்சை பச்சையாகத்தான் இருக்கிறது

காலையில் தொட்டிலுக்கு அடியில் இருந்த மண்கலம் காய்ந்து கிடந்தது.

மவ்சுனா அதை வெளியே இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். விரலை விட்டுத் தடவினாள். பொட்டு ஈரமில்லை. ராத்திரி முழுக்கப் பிள்ளை இரண்டு மார்பையும் மாற்றி மாற்றிக் குடித்திருந்தான், குடித்தது எங்கேயாவது வந்தாக வேண்டும். மரத்தொட்டிலில் கையும் காலும் அகலப் பட்டையால் கட்டப்பட்டு அவன் மெத்தையில் கிடந்தான். மெத்தையின் நடுத்துளையில் ஒரு மரக்குழல் இறங்கி, பிள்ளையின் மூத்திரத்தைக் கலத்தில் கொண்டுவந்து விடும். பிறந்த நாளிலிருந்து ஒரு வேளை தவறியதில்லை.

"அத்தை, கலம் காஞ்சிருக்கு."

"காஞ்சிருந்தா நல்லதுதானே, கழுவுற வேலை மிச்சம்," என்றது சமையலறைக் குரல். பிறகு ஹோசியத் மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "குழல் நகந்திருக்கும். மெத்தையத் தொட்டுப் பாரு, நனைஞ்சிருக்கும்."

மெத்தையும் நனையவில்லை. துணியும் நனையவில்லை. மவ்சுனா குனிந்து மோந்து பார்த்தாள். பால் வாடையும் பருத்தி வாடையும் கலந்து, அதற்கு அடியில் எங்கேயோ மழை விழுந்த மண்ணின் வாடை அடித்தது. மூன்றாம் மாடி வீட்டுக்குள், ஜனவரி மாதத்தில், மழை மண் வாடை.

அப்போது பால்கனியில் "குளுக்" என்று ஒரு சத்தம் கேட்டது.

அது ஒன்றும் புதிய சத்தமில்லை. எலுமிச்சை நின்ற பெரிய வெள்ளைப் பூந்தொட்டி, தண்ணீரைத் தானாகவே எடுத்துக்கொள்ளும் ரகம். அடியில் தண்ணீருக்கென்று மறைவாக ஓர் அறை, அதிலிருந்து மண்ணுக்குள் ஏறும் தடித்த திரி, மூலையில் தண்ணீர் ஊற்ற ஒரு குழாய், பக்கத்தில் கண்ணாடிக் குழலுக்குள் ஏறி இறங்கும் சிவப்பு மிதவை. மண் காயக் காயத் திரி தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சிய இடத்துக்குக் காற்று போகும்போது ஒரு குமிழி இப்படித்தான் உடையும். யாரோ ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தொண்டையை நனைத்துக்கொள்கிற சத்தம் என்று மவ்சுனாவுக்கு ஆரம்பத்தில் தோன்றியதுண்டு. பிறகு பழகிவிட்டது. பழகாமல் என்ன, கடிகாரச் சத்தம் பழகவில்லையா?

ஆனால் இன்று போய்ப் பார்த்தபோது மிதவை உச்சியில் நின்றது.

"அத்தை, எலுமிச்சைக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

"முந்தாநேத்து புள்ளையக் குளிப்பாட்டுன தண்ணிதான். ஏன்?"

நேற்று மத்தியானம் மிதவை பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. மவ்சுனாவுக்கு நன்றாக நினைவிருந்தது. நாற்பது நாள் வாசற்படி தாண்டக் கூடாது என்று உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன வேலை, பிள்ளையைப் பார்ப்பதும் மிதவையைப் பார்ப்பதும்தான். தண்ணீர் இறங்கும், அது இயற்கை. தானாக ஏறுமா?

அவள் கேட்கவில்லை. பிரசவித்தவள் எதையாவது உளறினால் கெட்ட காற்று அண்டிவிட்டது என்பார்கள், தலையணைக்கு அடியில் இருக்கும் கத்தியோடு இன்னொரு கத்தியையும் வைப்பார்கள். எதற்கு வம்பு.

*

அந்த எலுமிச்சை மேல்வீட்டு ரோபியா டீச்சருடையது.

டீச்சர் தனிக்கட்டை. முழங்கால் வலிக்காரி. வாளி தூக்கிச் செடிக்கு ஊற்ற முடியாமல் அம்மா கஷ்டப்படுகிறாளே என்று, ரஷ்யாவில் யெகாதெரின்பர்கில் இருக்கும் மகள்தான் இந்தத் தொட்டிகளை வாங்கி அனுப்பினாள். வந்த அன்று டீச்சர் மவ்சுனாவைக் கூப்பிட்டு, வகுப்பு எடுப்பது போலத் திரியைத் தூக்கிக் காட்டினார். "பாத்தியா மகளே, தண்ணிக்கு யாரும் வழி சொல்ல வேண்டாம். எங்க காஞ்சிருக்கோ அங்க அதுவா ஏறிப் போயிடும். நடுவுல ஒரு திரி இருந்தா போதும்." மாதக்கணக்கில் ஊருக்குப் போனாலும் செடி வாடாது என்று அவருக்கு ஒரே பெருமை.

போன ஆகஸ்டில், ஹுஜந்த் நகரத்துத் தார்ச்சாலை செருப்பில் ஒட்டுகிற வெயிலில், டீச்சர் தன் வீட்டு நடையில் விழுந்தார். இடுப்பு முறிந்து எழுந்திருக்க முடியவில்லை. தண்ணீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. முற்றத்தில் உட்கார்ந்து பேசும் பெண்கள் தினமும் அண்ணாந்து பார்த்தார்கள். நான்காம் மாடி பால்கனி பச்சைப்பசேல் என்று இருந்தது. ஜெரேனியம் பூத்திருந்தது, எலுமிச்சை மினுமினுத்தது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறார், நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ஒரு இலை வாடியிருந்தால் அன்றைக்கே ஓடிப்போய்க் கதவைத் தட்டியிருப்பார்கள். படிக்கட்டில் நாற்றம் வந்த பிறகுதான் கதவை உடைத்தார்கள்.

மவ்சுனா அப்போது வயிற்றைத் தள்ளிக்கொண்டு அம்மா வீட்டில் இருந்தாள். நல்லவேளை நான் இல்லை என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு வெட்கப்படவும் செய்தாள்.

அடக்கம் முடிந்ததும் மகள் செடிகளையெல்லாம் புண்ணியத்துக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். எலுமிச்சை ஹோசியத்துக்கு வந்தது. பேரன் பிறக்கப் போகிற வீட்டில் காய்க்கிற மரம் இருந்தால் நல்லது என்று அவள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வாங்கி வந்தாள்.

*

அன்று பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள். அர்தஷேர் என்று அரசன் பேரை வைத்திருந்தார்கள், ஆள் கையில் எடுத்தால் பஞ்சு. அன்றைக்குப் பஞ்சை விட லேசாக இருந்தான். தண்ணீரில் வைத்தபோது அழவில்லை. தலையைத் தாங்கிய மவ்சுனாவின் விரல் உச்சிக்குழியில் பட்டது. அது குழியாகவே இருந்தது. விரல்நுனி உட்காரும் அளவுக்கு அமுங்கியிருந்தது.

"அத்தை, இங்க தொட்டுப் பாருங்களேன்."

"பாலு பத்தல உனக்கு. அடோலா கஞ்சி காய்ச்சித் தர்றேன், கெண்டி நிறைய டீ குடி. நர்ஸ் வந்தா கேட்டுக்கலாம்." ஹோசியத் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, குளிப்பாட்டிய தண்ணீரைச் சிந்தாமல் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். மூலைக் குழாயில் சாய்த்து ஊற்றினாள். நாற்பது நாளில் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர் யார் காலிலும் மிதிபடக் கூடாது. சாக்கடையில் விடக் கூடாது. காய்க்கிற மரத்தடியில் ஊற்ற வேண்டும். கீழே முற்றம் முழுக்கத் தார். ஹோசியத்துக்குத் தெரிந்த ஒரே மரத்தடி இதுதான்.

"எவ்வளவு ஊத்துனாலும் குடிக்குது பாரு," என்றாள் மெச்சுகிற குரலில். "அன்னைக்கும் இப்படித்தான் குடிச்சுச்சு."

"என்னைக்கு?"

"டீச்சரக் குளிப்பாட்டுன அன்னைக்கு. மய்யித்துத் தண்ணியும் மிதிபடக் கூடாதுல்ல? நாலாவது மாடில குழி எங்க தோண்டுறது? குளிப்பாட்டுன பொம்பளைங்க கையப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாங்க. நான்தான் சொன்னேன், இந்தத் தொட்டி இருக்கே, இதுல ஊத்துங்கன்னு." குவளையை உதறிக்கொண்டே சொன்னாள். "பாவம், ஒடம்பு சருகாட்டம் காஞ்சு கெடந்துச்சு. உதடு வெடிச்சு, நாக்கு வெளிய வந்து… ஊத்த ஊத்த அடங்கவே இல்ல அந்தத் தாகம்."

மவ்சுனாவின் கையிலிருந்த பிள்ளை அசைந்தது. அவள் துணியை இழுத்து அவனை இன்னும் இறுக்கிப் போர்த்தினாள்.

"அதே பூந்தொட்டிலயா… புள்ளத் தண்ணியையும்?"

"ஏன்டி, ரெண்டும் சுத்தமான தண்ணிதானே. ரெண்டும் மிதிபடக் கூடாத தண்ணி. இருக்குறது ஒரே எடம்." ஹோசியத்துக்கு அதில் ஒரு பிசகும் தெரியவில்லை. உண்மையில் வேறு யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

பால்கனியில், குளுக்.

*

நர்ஸ் வந்தாள், தராசில் பிள்ளையைத் தொங்கவிட்டாள், உதட்டைப் பிதுக்கினாள். பால் பத்தவில்லை, புட்டிப்பால் கொடு, அடுத்த தடவையும் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றாள். போகும்போது பால்கனியைப் பார்த்து, "எலுமிச்ச சூப்பரா இருக்கே, என்ன உரம்?" என்றாள்.

புட்டிப்பாலும் குடித்தான். அதுவும் கலத்தில் வரவில்லை. கண்ணீரும் வரவில்லை, வாயை அகலத் திறந்து அழுதான், கண் காய்ந்தே இருந்தது. எலுமிச்சையில் மட்டும் புது இலை, புது மொட்டு. இந்தக் குளிரில். மவ்சுனா ரஷ்யாவில் கட்டட வேலையிலிருந்த புருஷன் சுஹ்ரோபுக்கு வீடியோ போட்டாள். மிதவையைக் காட்டினாள்.

"தண்ணி ஏறுது, எறங்குது, அதுக்காடி அழற?" என்று சிரித்தான் அவன். தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் எவனோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "அம்மா பக்கத்துல இருக்காங்கல்ல? அப்புறம் என்ன பயம்?"

அம்மா பக்கத்தில் இருந்தது அடுத்த நாள் காலை வரைக்கும்தான். இஸ்ஃபராவிலிருந்து போன் வந்தது. ஹோசியத்தின் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். ஹோசியத் சுவரில் சாய்ந்து அழுதாள், அழுதுகொண்டே சால்வையைத் தேடினாள். எதிர்வீட்டு சபோஹத் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். சபோஹத்தின் மகனிடம் கார் இருந்தது, அந்தக் காரிலேயே போவதென்று முடிவானது.

"மய்யித்து வீட்டுக்குப் போயிட்டு நாற்பது வீட்டுக்குள்ள வர முடியாது மவ்சுனாஜான், உனக்கே தெரியும்," என்றாள் ஹோசியத், மருமகளின் கன்னத்தைத் தடவி. "நாற்பது முடியற வரைக்கும் நான் மக வீட்டுல இருந்துக்கறேன். ராத்திரிக்கு சபோஹத் உன்கூடப் படுத்துக்குவா. இருட்டுனதுக்கப்புறம் கதவத் திறக்காத. வெளக்க அணைக்காத."

காரில் ஏறும் அவசரத்தில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. பொழுது சாய்ந்து, பனி கொட்டத் தொடங்கி, கதவை யாரோ மெல்லத் தட்டியபோதுதான் உறைத்தது.

"கண்ணு, நான்தான் சபோஹத். கதவத் திறக்காத!" வெளியே இருந்து குரல் வந்தது. "என் புத்தியச் செருப்பால அடிக்க. துணைக்குப் போறேன்னு நானும் மய்யித்து வீட்டுக்குள்ள போயிட்டேன், முகத்தையும் பாத்துட்டேன். இப்ப நான் எப்படி உள்ள வர்றது?"

"பரவால்லக்கா, வாங்க. எனக்கு எப்படியோ இருக்கு."

"ஐயோ, உன் மாமியா என்னத் தோலை உரிச்சுருவா. புள்ளைக்கு ஆகாதும்மா." ஏதோ தரையில் வைக்கும் ஓசை கேட்டது. "சூப்பு வெச்சிருக்கேன். நான் எறங்கிப் போனதும் எடுத்துக்க."

"அக்கா, புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல."

"காலைல மொத வேலையா நர்ஸக் கூட்டிட்டு வர்றேன். நான் இன்னைக்குத் தங்கச்சி வீட்டுல தங்கறேன், எதிர்வீட்டுல இருந்தாகூட மய்யித்து வாடை அண்டும்னு சொல்வாங்க. தைரியமா இரு, கண்ணு."

படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று. அக்கறையோடுதான் போனாள். கோபப்படக்கூட ஆளில்லை.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது.

*

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வீடு சின்னதாகிவிட்டது. சுவரில் தொட்டிலின் கைப்பிடி நிழல் வளைந்து கிடந்தது, அதன் மேல் எலுமிச்சையின் நிழல் இலை இலையாக அசைந்தது, பால்கனிக் கண்ணாடி அடைத்திருந்தும் அசைந்தது. போனில் சார்ஜ் முடிந்து திரை கறுத்திருந்தது. மோட்டார் நின்றுபோனதால் குழாயைத் திருகினால் காற்றுதான் சீறியது. பனி எல்லாச் சத்தத்தையும் அமுக்கியிருந்தது, அந்த ஒரு சத்தத்தைத் தவிர. முன்பெல்லாம் மணிக்கு ஒரு தடவை வந்த குமிழி இப்போது ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் மூச்சு வாங்குகிற நேரம்கூட விடாமல் வந்தது.

மவ்சுனா பிள்ளையிடம் மார்பைக் கொடுத்தாள். தொட்டிலை விட்டு எடுக்காமல், குனிந்து, பழக்கப்படி. அவன் உறிஞ்சினான். பால்கனியில், குளுக். அவன் நிறுத்தினான். சத்தம் நின்றது. மறுபடி உறிஞ்சினான். குளுக்.

மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். மிதவை ஏறியிருந்தது.

டீச்சர் தூக்கிக் காட்டிய திரி கண்முன் வந்தது. எங்கே காய்ந்திருக்கிறதோ அங்கே அதுவாக ஏறிப் போகும். ஆகஸ்ட் மாதம், கைக்கெட்டாத குழாயைப் பார்த்துக்கொண்டு கிடந்த தாகம். எவ்வளவு ஊற்றினாலும் அடங்காத தாகம். அதோடு தன் பிள்ளையின் தண்ணீரைக் கலந்து, ஒரே இடத்தில் ஊற்றி, வழிகாட்டியது தாங்கள்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

பூந்தொட்டிக்கு அடியில் ஒரு திருகு இருந்தது. பாத்திரத்தை வைத்துத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. சில்லென்று இருக்க வேண்டிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வெள்ளையாக, மங்கலாக. பால் வாடை அடித்தது. பிள்ளையின் தலை வாடையும் அடித்தது, அவளுக்கு மட்டுமே தெரிந்த அந்த வாடை.

மிதவை இறங்கியது. முழுக்க இறங்கியது.

உள்ளே பிள்ளை முனகினான். அவள் ஓடினாள். உதடு நீலம். நெஞ்சு ஏறவில்லை. உச்சிக்குழி கிண்ணம் போல இறங்கியிருந்தது. "ஷேர்! ஷேர், கண்ணே!" கன்னத்தைத் தட்டினாள். ஒன்றுமில்லை. திரும்ப ஓடினாள். திருகை மூடி, பாத்திரத்தைத் தூக்கி, மூலைக் குழாயில் ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

பிள்ளை மூச்சு இழுத்தான்.

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஊற்றினாலும் குடிக்கும், வடித்தாலும் கொல்லும். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். நாற்பது நாளாவது, பனியாவது. படி இறங்கி, எவர் கதவையாவது உடைத்து. தொட்டில் பட்டையை அவிழ்த்தாள். கைகள் விடுபட்டன, கால்கள் விடுபட்டன. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.

வரவில்லை.

மறுபடி தூக்கினாள். பிள்ளை அழுதான், சத்தமில்லாமல், வாய் மட்டும் கிழிந்தது போல. கீழிருந்து ஏதோ அவனைப் பிடித்திருந்தது. மெழுகுவர்த்தியைத் தரையில் வைத்து, கலத்தை நகர்த்தி, தொட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

மரக்குழலின் வாயிலிருந்து வெள்ளையாக ஒன்று தொங்கியது. நூல் போல. ஒரு நூலில்லை, ஒரு கற்றை. தலைமுடி போல மெலிந்த, ஈரமான, உயிருள்ள வேர். அது தரையில் இறங்கி, லினோலியத்தின் விளிம்புக்குள் நுழைந்திருந்தது. விளிம்பைப் பிடித்துக் கிழித்தாள். அடியில் வேர். பால்கனிப் படி வரைக்கும், பாய் விரித்தது போல வேர். படியைத் தாண்டி, பூந்தொட்டியின் பக்கத் துளை வரைக்கும்.

தலையணைக்கு அடியிலிருந்த கத்தி கையில் வந்தது. ஒரே ஒரு இழையை அறுத்தாள்.

இழையிலிருந்து வந்தது சிவப்பாக இருந்தது. பிள்ளையின் உடம்பு வில்லாக வளைந்தது.

கத்தியைக் கீழே போட்டாள். அறுந்த இரண்டு முனையையும் விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தெரிந்த துஆ எல்லாவற்றையும் சொன்னாள். முனைகள் விரலுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டன. ஒட்டிய பிறகும் பிடியை விட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு ஒன்றே ஒன்றுதான் செய்ய முடிந்தது. கெண்டியில் இருந்த டீயைக் குடித்தாள். சபோஹத் வைத்துப் போனதும் உள்ளே எடுத்து வைத்திருந்த சூப்பைக் குடித்தாள். புட்டிப்பாலுக்கு வைத்திருந்த வெந்நீரைக் குடித்தாள். குடித்து, குனிந்து, பிள்ளைக்குக் கொடுத்தாள். தன்னிடமிருந்து போகட்டும். பிள்ளையிடமிருந்து போகாமல் இருக்கட்டும். தன் உடம்புதான் அடியிலிருக்கும் தண்ணீர் அறை, பிள்ளைதான் நடுவில் திரி. கேவலமாக இருந்தது, ஆனால் கணக்கு சரியாக இருந்தது. அவள் கொடுக்கும்வரை அவன் மூச்சு விடுவான்.

குளுக். குளுக்.

கதவுப்பக்கம் நடந்து பார்த்தாள். மார்பை விலக்கி நாலடி வைப்பதற்குள் இப்போது பிள்ளையின் மூச்சு இழுத்தது. திரும்பி வந்தாள். கத்திப் பார்த்தாள். அதற்குள் நேரமாகிவிட்டது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. உதட்டைப் பிரித்தால் தோல் பிரிந்தது. பாத்திரங்கள் காலி. கெண்டி காலி.

விடியும்போது ஊர்ந்து போய் ஜன்னலின் சின்னக் கதவைத் திறந்து வைத்தாள். கீழே யாராவது வந்தால் கூப்பிடலாம். திரும்பி ஊர்ந்து வந்து தொட்டிலோடு சாய்ந்தாள். மார்பில் பிள்ளையின் வாய். இன்னும் உறிஞ்சினான். என்ன வருகிறது என்று அவள் பார்க்கவில்லை.

*

பனி நின்று வெயில் வந்தது. வெள்ளை வெளேரென்று வெயில், வீடு முழுக்க. பால்கனி வாசனையில் மூழ்கியது. எலுமிச்சை பூத்திருந்தது, கிளை தெரியாமல்.

கீழே பனியில் நடக்கும் சத்தம். இரண்டு பேர்.

"ஜன்னல் திறந்துதான் இருக்கு," சபோஹத்தின் குரல். "மவ்சுனா! மவ்சுனாஜான்!"

அவள் வாயைத் திறந்தாள். உதடு பிரிந்தது. குரல் வரவில்லை. காய்ந்த இலை தேய்வது போல ஒரு காற்று மட்டும்.

"தூங்குறா போல," என்றது நர்ஸின் குரல். "நாற்பதுல இருக்கிறவள எழுப்பாதீங்க, பாலு இறங்குறதே தூங்கும்போதுதான்."

"ராத்திரி புள்ளைக்கு முடியலன்னு பயந்தாளே."

"மொதப் புள்ள, பயப்படத்தான் செய்வாங்க." அண்ணாந்து பார்க்கிறார்கள். மவ்சுனா கையைத் தூக்கினாள். தூக்கியதாக நினைத்தாள். கை மடியிலேயே கிடந்தது, சுருக்கம் விழுந்து, யாரோ கிழவியின் கை மாதிரி. "அங்க பாருங்களேன், அந்த எலுமிச்சைய! இந்தக் குளிர்ல என்னமா பூத்திருக்கு."

"அட, ஆமா."

"எந்திரிச்சு தண்ணி ஊத்தியிருக்கா. எலுமிச்சை பச்சையாத்தான் இருக்கு. நல்லாத்தான் இருக்கா."

"அல்ஹம்துலில்லா," என்றாள் சபோஹத், மனசார. "சாயங்காலம் வரலாம் அப்ப."

பனியில் காலடிகள் திரும்பிப் போயின. முற்றத்தைத் தாண்டின. தேய்ந்தன.

பிள்ளையின் வாய் நின்றது. ஒரு கணம். பிறகு மறுபடி உறிஞ்சத் தொடங்கியது, இந்தத் தடவை பிள்ளைக்கு இல்லாத பலத்தோடு. மவ்சுனா கண்ணை மட்டும் திருப்பினாள். வெயில் படும் கண்ணாடிக் குழலுக்குள் சிவப்பு மிதவை அசைந்தது, உச்சியைத் தொட்டது, அதற்கு மேல் இடமில்லாமல் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.